முதலில் உட்கார்ந்தவர்

கிரிவலம் போகிறவர்கள் வருண லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினால் அடுத்து வருவது அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவில் வந்துவிட்டு இந்த ஊரைப் பார்த்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அன்று நடப்பது கூட்டம். நாம் அதற்குள் மாட்டிக்கொண்டிருப்போம். 14 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் கழிந்த தெம்பில் கால் தானாக வாயு லிங்கத்துக்கு ஓடும். ஒரு விசேஷமும் இல்லாத புதன்கிழமைச் சாயங்காலத்தில் வர வேண்டும். ஊருக்குள்ளிருந்து பார்க்கிற பெரிய கோயிலும் ராஜகோபுரமும் இந்தப் பக்கம் இல்லை. மலை மட்டும் இருக்கிறது, முதுகைக் காட்டிக்கொண்டு.

ஊரின் பெயர் அடி அண்ணாமலை. கோயிலில் இருப்பவரோ ஆதி அருணாசலேஸ்வரர். அடியா ஆதியா என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக உண்டு. டீக்கடைப் பெஞ்சில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கிறார். பக்கத்துக் கிராமத்துக் கர்ணம் வீட்டுப் பிள்ளை, எழுபதைத் தாண்டியவர். அவரிடம் கேட்டேன்.

“ரிக்கார்டுல அடி, சாமிக்கு ஆதி. ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. முதல்ல உக்காந்தவன் அடியிலதான உக்காரணும்?”

இந்த மலையின் கதையே முதலில் யார் என்ற சண்டைதான். பிரமனுக்கும் திருமாலுக்கும் நான்தான் முதல்வன் என்று வழக்கு வந்தது. நடுவில் நெருப்புத் தூண் எழுந்தது. திருமால் அடியைத் தேடிப் போய்க் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரமன் முடியைப் பார்த்துவிட்டதாகத் தாழம்பூவைச் சாட்சி வைத்துப் பொய் சொன்னான். அந்தப் பிரமன் வந்து வைத்து வணங்கிய லிங்கம்தான் அடி அண்ணாமலையில் இருப்பது என்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் தாழம்பூதான் உறுத்தும். மேலிடத்துக்காகச் சாட்சி சொன்ன முதல் கீழ்நிலை ஊழியர் அது. பூசைக்கு ஆகாது என்று தள்ளப்பட்டதும் அதுதான்.

அந்த வாரம் என் பையில் இருந்தது 1789ஆம் ஆண்டு அமெரிக்காவைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். நாற்காலி செய்தாகிவிட்டது, ஒருவர் உட்கார வேண்டும். அதுவரை யாரும் உட்கார்ந்திராத நாற்காலி. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பதவிப் பிரமாணம் எடுத்தபோது குடியரசுத் தலைவர் எப்படி நடக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும், யாரைப் பார்க்க வரச்சொல்ல வேண்டும், யாருக்கு வேலை போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அரசியல் சாசனத்தில் சில வரிகளே இருந்தன. மிச்சத்தை அவர் நடந்து காட்ட வேண்டும். அவர் செய்வது மாமூல் ஆகிவிடும்.

மாமூல் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். நவாபுகள் காலத்துக் கச்சேரிகளில் புழங்கிய அரபுச் சொல். வழக்கமாக நடந்துவருவது என்பதுதான் அதன் பொருள். ‘மாமூல் வாழ்க்கை பாதிப்பு’ என்று செய்தித்தாள் எழுதும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் தெரியும். வழக்கமாகக் கொடுப்பது வழக்கமாக வாங்குவதாகி, பிறகு லஞ்சத்துக்கே பெயராகிவிட்டது. ஒரு சொல் இப்படிச் சரிவதைப் பார்த்தாலே போதும். முதலில் உட்கார்ந்தவர் செய்கிற சின்னச் சலுகை ஐம்பது வருஷத்தில் என்ன ஆகும் என்று விளங்கிவிடும். வாஷிங்டனுக்கு இந்தப் பயம் இருந்தது. அவருடைய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது அதுதான்.

முதல் சண்டை அவரை எப்படி அழைப்பது என்பதில் வந்தது. துணைத் தலைவர் ஜான் ஆடம்ஸுக்குப் பட்டங்களில் மோகம். செனட் குழு ஒன்று, மாட்சிமை பொருந்திய தலைவர், மக்கள் உரிமைகளின் காவலர் என்கிற தினுசில் ஒரு நீண்ட பட்டத்தைப் பரிந்துரைத்தது. பிரதிநிதிகள் சபை மசியவில்லை. கடைசியில் வெறும் ‘பிரசிடென்ட்’ என்று முடிந்தது. கூட்டத்தை நடத்துகிறவர் என்பதற்கு மேல் அன்று அந்தச் சொல்லுக்குப் பெரிய கனம் கிடையாது. ஆடம்ஸின் உடல்வாகைக் கேலி செய்து அவருக்கே ஒரு பட்டம் கட்டிவிட்டார்கள். நாமோ மேதகு, மாண்புமிகு இல்லாமல் கல்யாணப் பத்திரிகை கூட அடிக்க மாட்டோம். பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவரான 2012இல் உள்நாட்டு நிகழ்ச்சிகளில் ‘மேதகு’ வேண்டாம் என்றார். சுவரொட்டி அடிப்பவர்கள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது வேலை கேட்டு வந்தவர்கள். சுங்க அலுவலர், துறைமுக அலுவலர், நீதிபதி, அரசு வழக்கறிஞர் என்று எல்லாப் பதவிகளையும் புதிதாக நிரப்ப வேண்டியிருந்தது. சொந்தத் தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டன், இருபத்தேழு வயது வழக்கறிஞர், வர்ஜீனியாவின் அரசு வழக்கறிஞர் பதவியைக் கேட்டார். பெரியப்பா கொடுக்கவில்லை. உன்னைவிட அனுபவசாலிகள் அங்கே இருக்கிறார்கள், நான் செய்வதை ஊரே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற கருத்தில் 1789 ஜூலையில் பதில் எழுதினார். அந்தத் தம்பி மகன் சாதாரண ஆளும் இல்லை. 1798இல், தலைவராகிவிட்டிருந்த ஆடம்ஸ் அவரை உச்ச நீதிமன்றத்துக்கே அனுப்பினார். முப்பத்தொரு வருஷம் அங்கே இருந்தார். தகுதி இருந்தும் உறவு என்பதால் கிடைக்காமல் போன பதவி அது. உறவு என்பதாலேயே கிடைத்த பதவிகளைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியும்.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் 51ஆம் அதிகாரம், தெரிந்து வினையாடல் 52ஆம் அதிகாரம். ஆளைச் சோதித்து எடு, எடுத்தபின் சந்தேகப்படாதே, வேலையை அவனிடமே விட்டுவிடு என்று இந்த இரண்டும் விரியும். மூச்சு விடாமல் அடுத்து வருவது சுற்றந்தழால், உறவினரை அணைத்துக்கொள்வது. இந்த வரிசை எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். சோதித்து ஆள் எடுப்பதைப் பற்றி இருபது குறள் சொல்லிவிட்டு, சரி, சொந்தக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், அவர்களை என்ன செய்வது என்று வள்ளுவரே திரும்பிப் பார்த்ததுபோல் இருக்கும். அணைத்துக்கொள்ளச் சொன்னாரே தவிர நாற்காலி போடச் சொல்லவில்லை என்று நான் படித்துக்கொள்கிறேன். உரையாசிரியர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் கறார். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் குடவோலைக்குப் பெயர் தர முடியாது. அவன் மட்டுமில்லை: சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று ஒரு குடும்பத்தையே வரிசையாகப் பட்டியலிட்டு வாசலில் நிறுத்திவிடுகிறது. அது பிராமணர்களின் சபை. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் திறந்த குடம். அதைச் சொல்லாமல் ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் முழங்குவது பாதிக் கல்வெட்டைப் படிப்பது. ஆனாலும் உறவுக்காரன் எந்த வழியில் உள்ளே வருவான் என்பது அந்த ஓலை எழுதியவருக்கு அத்துப்படி.

வாஷிங்டன் எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்துச் சவானா துறைமுகத்துக்கு பென்ஜமின் ஃபிஷ்பர்ன் என்பவரைப் போட்டார். 1789 ஆகஸ்ட் 5 அன்று செனட் அந்தப் பெயரைத் தள்ளிவிட்டது. ஒரு குடியரசுத் தலைவரின் நியமனம் நிராகரிக்கப்படுவது அதுவே முதல் தடவை. காரணம் கேட்டால், அந்த மாநில செனட்டர் ஜேம்ஸ் கன்னுக்கு ஆளைப் பிடிக்கவில்லை. எங்கள் பகுதிப் பதவிக்கு எங்களைக் கேட்காமல் ஆள் போடலாமா என்பது நம் ஊர் மாவட்டச் செயலாளர்கள் கண்டுபிடித்த நியாயம் என்று நினைத்திருந்தேன். வாஷிங்டன் மறுநாளே செனட்டுக்கு எழுதினார்: சந்தேகம் இருந்திருந்தால் என்னைக் கேட்டிருக்கலாமே என்று. பிறகு வேறு பெயர் அனுப்பினார். அன்று தொடங்கிய மாமூல் இன்றுவரை அங்கே நடக்கிறது.

அதே மாதம் 22ஆம் தேதி, க்ரீக் பழங்குடியினரோடு செய்ய வேண்டிய உடன்படிக்கைக்கு ஆலோசனை கேட்டு நேராகவே செனட்டுக்குப் போய் உட்கார்ந்தார். சாசனத்தில் ஆலோசனை என்றுதானே எழுதியிருக்கிறது? வெளியே வண்டிச் சத்தம். வாசித்தது கேட்கவில்லை, மறுபடி வாசித்தார்கள். ஒரு செனட்டர் எழுந்து, குழு போட்டு ஆராயலாம் என்றார். வாஷிங்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. திங்கட்கிழமை மறுபடி வந்து வேலையை முடித்துக்கொண்டார். அப்புறம் அந்தப் பக்கம் ஆலோசனைக்கென்று தலை வைத்துப் படுக்கவில்லை. வெளிநாட்டு உடன்படிக்கையை முதலில் தலைவர் பேசி முடிப்பது, பிறகு செனட் சம்மதம் கேட்பது என்ற நடைமுறை ஒரு சனிக்கிழமை எரிச்சலில் பிறந்தது.

இதற்கும் அண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர் கேட்டார். இருக்கிறது, கொஞ்சம் சுற்றி வர வேண்டும். கிரிவலம் மாதிரி.

1767 செப்டம்பரில் செங்கத்துக்கு அருகிலும் பிறகு திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கும்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித் ஒரு பக்கமாகச் சண்டை நடந்தது. இரண்டிலும் ஸ்மித்துக்கு வெற்றி. ஆனால் ஹைதர் அசரவில்லை. 1769இல் குதிரைப்படையோடு சென்னை வாசலுக்கே வந்து நின்று, தான் சொன்ன நிபந்தனையில் சமாதானம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். ஹைதர் பற்றிய செய்தி லண்டனுக்குப் போனதும் கும்பெனிப் பங்குகள் சரிந்தன. அடுத்து வங்காளப் பஞ்சம், 1772இல் வங்கி நெருக்கடி. கும்பெனியைத் தூக்கி நிறுத்த 1773இல் தேயிலைச் சட்டம் வந்தது. அந்த டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் விழுந்தது. செங்கம் சண்டைதான் அமெரிக்கப் புரட்சியைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்கிற ஊர்ப்பெருமைக்காரர்களைக் கண்டாலே எனக்கு அலர்ஜி. கும்பெனியின் கடன் நோட்டில் ஒரு பக்கம் இங்கேயும் எழுதப்பட்டது, அவ்வளவே. அமெரிக்கர்களுக்கு ஹைதரைத் தெரிந்திருந்தது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக்காரர்களின் கப்பலுக்குப் பெயரே ஹைதர் அலி.

1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ், 1786இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். தோற்ற தளபதிக்குப் பெரிய பதவி கிடைப்பது அப்போதே உண்டு. 1791 தொடக்கத்தில் திப்பு இந்தப் பக்கம் இறங்கித் திருவண்ணாமலையைப் பிடித்து, புதுச்சேரி ஓரம் வரை போய் பிரெஞ்சுக்காரர்களிடம் உதவி கேட்டபோது எதிரில் இருந்தது இதே கார்ன்வாலிஸ்தான். புரட்சியில் சிக்கியிருந்த பதினாறாம் லூயியால் உதவ முடியவில்லை.

இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் அதே புதுச்சேரிக்கு 1784 டிசம்பரிலேயே வந்துவிட்டது. கப்பலின் பெயர் யுனைடெட் ஸ்டேட்ஸ். பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்திலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. நம் சேலத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை. இவர்களை மற்ற அன்னியரைவிடத் தாழ்வாக நடத்த வேண்டாம் என்று 1788இல் உத்தரவிட்டவரும் கார்ன்வாலிஸ்தான்.

கப்பல் வந்தால் தகராறு வரும், தகராறு வந்தால் கேட்க ஆள் வேண்டும். 1792 நவம்பரில் வாஷிங்டன் பென்ஜமின் ஜாய் என்ற மாசசூசெட்ஸ்காரரைக் கல்கத்தாவுக்குத் தூதரக அலுவலராக நியமித்தார். வெளியுறவுத் துறை அப்போது தாமஸ் ஜெஃபர்சன் கையில். தலைவர் கையெழுத்து, செனட் சம்மதம், முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. 1794 ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கினார். கும்பெனி அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, தூதர் என்று உம்மை ஏற்க முடியாது, வணிக முகவராக வேண்டுமானால் இருந்துகொள்ளும், எங்கள் சிவில் கிரிமினல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, என்று சொல்லிவிட்டது. சம்பளமும் கிடையாது. வடஆப்பிரிக்கக் கரையில் இருந்தவர்களைத் தவிர அமெரிக்கத் தூதரக அலுவலர்கள் எல்லாரும் கட்டணத்தையும் சொந்த வியாபாரத்தையும் நம்பி வாழ்ந்த காலம். அதே 1794இல் சென்னைக்கு முகவராக வில்லியம் அபட் நியமிக்கப்பட்டார். இன்று அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே விடிகாலையில் வரிசை நிற்கிற விசா கூட்டத்துக்கு மூலபுருஷர் அவர்தான். ஏற்காத இடத்தில் நியமனம் செல்லுமா? செல்லாது. ஆனாலும் ஜாய் அங்கே உட்கார்ந்தார். உடம்பு கெட்டுத் திரும்பும்வரை வேலையையும் பார்த்தார். அந்த 1794 நவம்பரிலேயே லண்டனில் ஜான் ஜே ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அதன் 13ஆம் பிரிவு பிரிட்டிஷ் இந்தியத் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டது. ஜே அப்போது தலைமை நீதிபதி. பதவியை விடாமலே தூது போனவர். ஊரில் அவர் கொடும்பாவியை எரித்தார்கள். செனட்டில் 20க்கு 10 என்று மயிரிழையில் உடன்படிக்கை தப்பியது.

தூது போனவர்கள் என்றதும் பெரியவர் கையை நீட்டிக் காட்டினார். ரோட்டோரம் சின்னக் கோயில். மாணிக்கவாசகர் கோயில். திருவெம்பாவை பிறந்தது இந்த இடத்தில் என்று நம்பிக்கை. பௌர்ணமிக்கு வருகிற லட்சக்கணக்கானவர்களில் நூற்றுக்கு ஒருவர் நின்றால் அதிகம்.

அவருடைய கதையைப் பதவிக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். திருவாதவூர்க்காரர், பாண்டியனின் அமைச்சர், தென்னவன் பிரமராயன் என்று பட்டம். குதிரை வாங்கி வா என்று கருவூலத்தைத் திறந்து பொன்னைக் கொடுத்து அனுப்புகிறான் அரசன். திருப்பெருந்துறையில் குருவைப் பார்த்தார். பொன் எல்லாம் கோயிலுக்குப் போனது. ஆவணி மூலத்தன்று குதிரை வரும் என்று அரசனுக்குத் தகவல் மட்டும் போனது. வந்த குதிரைகள் இரவில் நரிகளாகி ஊளையிட்டன. தணிக்கைத் துறை கண்ணில் இது கையாடல். சுடுமணலில் நிறுத்திய பாண்டியன் சட்டப்படிதான் செய்தான் என்று நான் ஒருமுறை ஒரு பக்தரிடம் சொல்லி, டீயைப் பாதியில் விட்டு எழுந்து வர வேண்டியதாகிவிட்டது.

1803இல், ஜெஃபர்சன் தலைவராக இருந்தபோது, அவருடைய தூதர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஜேம்ஸ் மன்ரோவும் ராபர்ட் லிவிங்ஸ்டனும் பாரிசில் இருந்தார்கள். லிவிங்ஸ்டன் வேறு யாருமில்லை, 1789இல் வாஷிங்டனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தையும் அதையொட்டிய கடற்கரையையும் வாங்கி வரச் சொல்லியிருந்தார் ஜெஃபர்சன். நெப்போலியன் லூயிசியானா முழுவதையும் எடுத்துக்கொள் என்றார். கேட்டு எழுதிப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நெப்போலியன் மனம் மாறலாம். இருவரும் 1.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்கள். துறைமுகம் வாங்கப் போனவர்கள் நாட்டை இரட்டிப்பாக்கிக்கொண்டு வந்தார்கள். நிலம் வாங்கத் தலைவருக்குச் சாசனத்தில் அதிகாரம் உண்டா என்று ஜெஃபர்சனுக்கே சந்தேகம். சாசனத் திருத்தம் கூட எழுதிப் பார்த்தார். பிறகு மடித்து வைத்துவிட்டார். அந்த நிலத்தில் வாழ்ந்த பழங்குடியினரை யாரும் கேட்கவில்லை. தூதன் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டுமா, இடமறிந்து தானே முடிவெடுக்கலாமா என்பது வள்ளுவரின் தூது அதிகாரத்திலும் முழுசாகத் தீராத விவகாரம். லாபம் வந்தால் துணிச்சல் என்கிறோம். குதிரை நரியானால் கையாடல்.

பெரியவரின் அப்பா கர்ணமாக இருந்தவர். தாத்தாவும் கர்ணம். 1980 நவம்பர் 14 அன்று தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டு கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாகக் கைமாறிவந்த வேலைகள் போய், தேர்வெழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் சட்டம் செல்லும் என்று முடிந்தது.

“ராத்திரி படுத்தப்ப கர்ணம். விடிஞ்சா வெறும் ஆளு. அப்பா ரெண்டு நாள் சோறு திங்கல” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனா நியாயந்தான் தம்பி. எனக்குக் கணக்கு வராது. எனக்கும்தான அது வந்திருக்கும்?”

பதவி போன இரவுகள் எல்லா நாட்டிலும் உண்டு. 1801 மார்ச்சில் ஆடம்ஸ் தோற்று வெளியேறும்போது, கடைசி நாட்களில் ராத்திரி வரை உட்கார்ந்து நீதிபதி நியமனங்களில் கையெழுத்திட்டார். முத்திரையும் விழுந்தது. சில உத்தரவுகள் மட்டும் கொடுக்கப்படாமல் மேசையில் கிடந்தன. ஆடம்ஸ் விடிவதற்கு முன் ஊரைவிட்டுப் போய்விட்டார். பதவியேற்பைப் பார்க்க நிற்கவில்லை. புதிதாக வந்த ஜெஃபர்சன், கிடக்கட்டும், கொடுக்க வேண்டாம் என்றார். வில்லியம் மார்பரி என்பவர் வழக்குப் போட்டார். உத்தரவைக் கொடுக்காமல் விட்ட பழைய அமைச்சர் ஜான் மார்ஷலே இப்போது தலைமை நீதிபதி! 1803 பிப்ரவரியில் அவர் தீர்ப்புச் சொன்னார்: பதவி உமக்கு உரியதுதான், ஆனால் அதை வாங்கித் தரும் அதிகாரம் எங்களுக்கு இல்லை; அந்த அதிகாரத்தைத் தரும் சட்டப்பிரிவு சாசனத்துக்கு விரோதம். ஒரு சின்ன மாஜிஸ்திரேட் வேலை கிடைக்காத வழக்கில், சட்டத்தையே செல்லாது என்று சொல்லும் உரிமையை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. மார்பரிக்கு வேலை கிடைக்கவில்லை.

வாஷிங்டனின் பெயர் இவ்வளவு காலம் நிற்பதற்குக் காரணம் அவர் போட்ட நியமனங்கள் இல்லை. இரண்டு தடவை இருந்துவிட்டு மூன்றாவது தடவை வேண்டாம் என்று எழுந்துபோனது. 1796 செப்டம்பர் 19 அன்று அந்த விடைபெறும் கடிதம் செய்தித்தாளில் வந்தது. எழுந்துபோவதும் மாமூல் ஆனது. 1940வரை யாரும் மீறவில்லை. இவ்வளவும் வாசித்து நான் அந்த மனிதரைக் கும்பிடத் தயாராகிவிட்டேன். அப்போதுதான் அதே செப்டம்பர் மாதத்தில், முதல் தேதியில், அவர் எழுதிய இன்னொரு கடிதம் வந்தது.

ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அவர் வீட்டு அடிமை. மே 21 அன்று, பிலடெல்ஃபியாவில் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியேறி, கப்பலேறி, வடக்கே போர்ட்ஸ்மவுத் போய்விட்டாள். செப்டம்பர் 1 அன்று வாஷிங்டன் எழுதியது நிதி அமைச்சர் ஆலிவர் உல்காட்டுக்கு. உல்காட்டின் கீழே நாட்டின் சுங்க அலுவலர்கள் எல்லாரும் இருந்தார்கள். போர்ட்ஸ்மவுத் சுங்க அலுவலர் ஜோசப் விப்பிளுக்கு வேலை வந்தது: அந்தப் பெண்ணைப் பிடித்துக் கப்பலேற்று. ஓடிப்போன அடிமையைப் பிடிப்பதற்கு நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. 1793இல் அதில் கையெழுத்திட்டவர் வாஷிங்டன்தான். தம்பி மகனுக்கு வேலை போட்டுத் தராதவர் சொந்த வீட்டு வேலைக்குச் சுங்கத்து ஆளைப் பயன்படுத்தினார். அலுவலக ஜீப்பில் கறிகாய் வாங்கப் போவதை நாம் மாமூல் என்கிறோமே, அதன் மிகக் கொடிய வடிவம் இது. அவர் உயிலில் தன் அடிமைகளை விடுவித்தது உண்மை. ஓனா மனைவி வழிச் சொத்து; உயில் அவளைத் தொடவில்லை.

விப்பிள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசினார். அவள் ஓடியது யார் தூண்டியும் இல்லை, சுதந்திர ஆசையால்தான் என்று தெரிந்துகொண்டார். வலுக்கட்டாயமாகக் கப்பலேற்ற முடியாது, ஊரில் கலகம் வரும் என்று மேலே எழுதினார். உங்கள் காலத்துக்குப் பின் விடுதலை என்று வாக்குக் கொடுத்தால் அவள் வருவாள் என்றும் எழுதினார். விசுவாசமில்லாதவளுக்குப் பரிசா என்று நவம்பரில் வாஷிங்டன் பதில் போட்டார். விப்பிள் மறுபடி மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். பெண்ணை அனுப்பவில்லை. அவர் தாழம்பூ ஆகவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பெரியவர் கர்ணம் வீட்டுப் பிள்ளை. அவர் கேட்டது இதுதான்:

“அந்தச் சுங்கத்து ஆளுக்கு வேலை போச்சா?”

“போச்சுங்க ஐயா. 1798இல. ஆனா இதுக்காக இல்ல. வேற கட்சின்னு ஆடம்ஸ் எடுத்துட்டாரு. 1801இல ஜெஃபர்சன் வந்து திரும்பக் குடுத்தாரு.”

“அந்தப் பொண்ணு?”

கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளைகள் பெற்றாள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். 1799இல் வாஷிங்டன் ஓர் உறவினரை அனுப்பியும் அவளைக் கொண்டுபோக முடியவில்லை. 1848 பிப்ரவரி 25 அன்று நியூ ஹாம்ப்ஷையரில் இறந்தாள். சட்டப்படி அன்றைக்கும் அவள் ஓடிப்போன அடிமைதான்.